ஸே, டெல், ஸீ, வாட்ச் குழப்பத்துக்கு எந்த அகராதி? ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி பற்றி என் மதிப்பீடு

ஆங்கிலத்தில் ஓரளவு படிக்கவும் எழுதவும் வந்த பிறகும் நம் ஆட்களை விடாமல் துரத்துவது ஒரே மாதிரிப் பொருள் தரும் வினைச்சொற்கள்தான். ‘ஸே’யா ‘டெல்’லா, ‘ஸீ’யா ‘வாட்ச்’சா, ‘ராப்’பா ‘ஸ்டீல்’லா, ‘ரிமெம்பர்’ போடணுமா ‘ரிமைண்ட்’ போடணுமா. டென்ஸ் எல்லாம் சரியாக இருக்கும், வாக்கியம் மட்டும் எங்கோ இடறும், எங்கே இடறுகிறது என்று எழுதியவருக்கே பிடிபடாது. நான் சாயங்காலத்தில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். நர்ஸ் வேலைக்காக வெளிநாடு போக ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வு எழுதுபவர்கள், டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர்கள், கம்பெனி மெயில் எழுதிப் பழக வருபவர்கள் என்று கலவையான கூட்டம், ஆனால் எல்லோரும் ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எந்த டிக்‌ஷனரி வாங்கலாம், சார்?

நான் சொல்வது ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி. இப்போது கடையில் கிடைப்பது 2020இல் வந்த பத்தாம் பதிப்பு. இதன் பெரும்பகுதி ஆக்ஸ்ஃபோர்டின் கற்போர் அகராதித் தளத்தில் இலவசமாகவே கிடக்கிறது. வேறு நல்ல அகராதிகளும் இருக்கின்றன, அவை எங்கே இதைவிட மேல் என்றும் கீழே சொல்கிறேன். ஆனால் நெருங்கிய பொருளுள்ள வினைகளைப் பிரித்துக் காட்டும் இந்த ஒரு வேலைக்கு முதலில் கைக்கு வர வேண்டியது இதுதான் என்பது என் தீர்மானமான கருத்து.

காரணம் இருக்கிறது. நம் வீடுகளில் இருக்கும் ஆங்கிலம்-தமிழ் அகராதியில் ‘ஸே’ என்று தேடினால் ‘சொல், கூறு, உரை’ என்று இருக்கும். ‘டெல்’ என்று தேடினால் ‘சொல், கூறு, தெரிவி’. இரண்டும் ஒன்றுதான் போல என்று மூடி வைத்துவிடுவோம். அகராதி பொய் சொல்லவில்லை, இரண்டுக்கும் பொருள் அதுவேதான். வித்தியாசம் பொருளில் இல்லாதபோது பொருளை மட்டும் கொடுக்கும் புத்தகத்தால் என்ன செய்ய முடியும்? வித்தியாசம் இருப்பது அந்த வினைக்குப் பின்னால் என்ன வருகிறது என்பதில். ‘டெல்’ என்றால் யாரிடம் என்பது உடனே வந்தாக வேண்டும்: ‘டோல்டு மி’, ‘டோல்டு ஹர்’. ‘ஸே’க்குப் பின்னால் ஆள் நேரடியாக வரவே மாட்டார், ‘டு’ துணை இல்லாமல் அவர் உள்ளே வர முடியாது. ‘ஹி செட் மி’ என்று நம் ஊரில் காதில் விழுவதெல்லாம் இந்த ஒரு விவரம் தெரியாததால் வருவது. ‘டெல் எ லை’, ‘டெல் தி ட்ரூத்’, ‘டெல் எ ஜோக்’ மாதிரி ஆள் இல்லாமலும் நிற்கிற சில தொடர்கள் தனி, அவற்றை அப்படியே மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான்.

ஆக்ஸ்ஃபோர்டு இதைத்தான் கண்முன் வைக்கிறது. ‘டெல்’ பதிவைத் திறந்தால் ஒவ்வொரு பொருளுக்குக் கீழும் தடித்த எழுத்தில் ‘டெல் சம்படி சம்திங்’, ‘டெல் சம்திங் டு சம்படி’, ‘டெல் சம்படி தட்’ என்று வாக்கிய அமைப்பு, அதை ஒட்டி ஒரு எடுத்துக்காட்டு. போதாதென்று ‘விச் வேர்டு’ என்று தலைப்பிட்ட ஒரு தனிப் பெட்டியில் ‘ஸே’யையும் ‘டெல்’லையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, எது ஆளைச் செயப்படுபொருளாக ஏற்கும், எது ஏற்காது என்று சில வரிகளில் முடித்துவிடுகிறார்கள். ‘ஸ்பீக்’, ‘டாக்’ இரண்டுக்கும் இதே மாதிரிப் பெட்டி உண்டு: பொருள் ஏறக்குறைய ஒன்று, ‘ஸ்பீக்’ கொஞ்சம் முறையானது, ‘டாக்’ இரண்டு பேர் பேசிக்கொள்வதற்கு. அவ்வளவுதான். மாணவருக்குத் தேவையானதும் அவ்வளவுதான்.

இந்த அகராதிக்கு வினைச்சொல் மேல் ஏன் இத்தனை அக்கறை என்பதற்கு அது பிறந்த கதையில் பதில் இருக்கிறது. ஏ. எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர் 1924இல் ஜப்பானுக்குப் போய் ஆங்கிலம் கற்பித்தவர். தாய்மொழியில் எழுவாய், செயப்படுபொருள், வினை என்ற வரிசையில் யோசிக்கும் மாணவர்களுக்குப் பாடம் எடுத்த மனிதர் அவர் (நம் வரிசையும் அதேதான் என்பதைக் கவனியுங்கள்). வார்த்தைக்குப் பொருள் தெரிந்தும் இவர்கள் வாக்கியத்தில் தடுக்கி விழுகிறார்களே என்று பார்த்து, ஆங்கில வினைகளை 25 வாக்கிய அமைப்புகளாக வகைப்படுத்தி, ஒவ்வொரு வினையும் எந்தெந்த அமைப்பில் வரும் என்று குறிக்கும் அகராதியை, கேட்டன்பி, வேக்ஃபீல்டு என்ற இருவரோடு சேர்ந்து உருவாக்கினார். அது 1942இல், போர் நடந்துகொண்டிருந்தபோது, டோக்கியோவில்தான் அச்சானது. ஆக்ஸ்ஃபோர்டு அதை 1948இல் எடுத்து வெளியிட்டது. ஆங்கிலேயர்களுக்கு எழுதிய அகராதியைச் சுருக்கி நமக்குக் கொடுத்தது இல்லை இது, வகுப்பறையில் வேற்றுமொழி மாணவர் எங்கே இடறினாரோ அங்கே தொடங்கியது. 1974இல் வந்த மூன்றாம் பதிப்பு வரைக்கும் ‘விபி6ஏ’ என்று ஏதோ மருந்துப் பெயர் மாதிரிக் குறியீடு போட்டிருந்தார்கள், முன்பக்க அட்டவணையைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். இப்போதுள்ள பதிப்பில் அந்தத் தொல்லை இல்லை, அமைப்பு வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது.

சரி, வகுப்பில் அடிக்கடி வரும் வினைகளை வைத்து இந்த அகராதியைச் சோதித்துப் பார்க்கலாம்.

நம் தலைவலிகளில் பெரியது ‘பார்’. ஆங்கிலத்தில் அது ‘ஸீ’, ‘லுக்’, ‘வாட்ச்’ என்று குறைந்தது மூன்றாகப் பிரியும். ஆக்ஸ்ஃபோர்டில் ‘லுக்’ பதிவில் ‘சினானிம்ஸ்’ என்ற பெட்டி இருக்கிறது, அதில் ‘வாட்ச்’, ‘ஸீ’, ‘வியூ’, ‘அப்சர்வ்’ எல்லாம் சேர்ந்து வருகின்றன. ‘லுக்’ என்றால் கண்ணை ஒரு பக்கம் திருப்புவது, எதைப் பார்க்கிறோம் என்று சொல்ல ‘அட்’ வேண்டும். ‘வாட்ச்’ என்றால் நடந்துகொண்டிருக்கும் ஒன்றைக் கொஞ்ச நேரம் தொடர்ந்து கவனிப்பது, கிரிக்கெட், டிவி, தெருவில் விளையாடும் குழந்தை. ‘ஸீ’ என்றால் கண்ணில் படுவது. பெட்டி நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. இதற்கு மேல் தமிழருக்குத் தேவையான ஒரு விஷயத்தை எந்த ஆங்கில அகராதியும் சொல்லாது, அதை நான் சொல்கிறேன். தமிழில் நமக்கே இந்தப் பிரிவு இருக்கிறது, ‘எனக்கு’, ‘நான்’ என்பதில் ஒளிந்துகொண்டிருக்கிறது. ‘எனக்குச் சத்தம் கேட்டது’ என்றால் ‘ஹியர்’. ‘நான் பாட்டு கேட்டேன்’ என்றால் ‘லிஸன்’. தானாக வந்து விழுந்ததா, நாம் முனைந்து செய்ததா என்பதுதான் கேள்வி. ‘எனக்குக் கோபுரம் தெரிந்தது’ என்றால் ‘ஸீ’, ‘நான் கோபுரத்தைப் பார்த்தேன்’ என்றால் பெரும்பாலும் ‘லுக் அட்’. இந்த ‘எனக்கு’ சோதனையைச் சொல்லிக் கொடுத்துவிட்டு அகராதியின் பெட்டியைப் படிக்கச் சொன்னால் மாணவர்களுக்குச் சட்டென்று பிடிபடுகிறது. ‘டாக்டரைப் பார்க்கணும்’ என்பதற்கு ‘ஸீ எ டாக்டர்’ வருவது இந்தச் சோதனைக்குள் அடங்காது. அதை ஆக்ஸ்ஃபோர்டு ‘ஸீ’ பதிவின் கீழே தனிப் பொருளாகக் கொடுத்திருக்கிறது, பதிவை முழுவதும் படிக்கும் பொறுமை இருந்தால் கிடைக்கும்.

அடுத்து ‘ராப்’, ‘ஸ்டீல்’. தமிழில் ‘வங்கியைக் கொள்ளையடித்தார்கள்’ என்றும் சொல்வோம், ‘பணத்தைக் கொள்ளையடித்தார்கள்’ என்றும் சொல்வோம், இரண்டும் சரி. ஒரே வினை, இரண்டு விதமான செயப்படுபொருள். ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. வங்கி, கடை, ஆள் என்றால் ‘ராப்’. பணம், நகை, வண்டி என்றால் ‘ஸ்டீல்’. ‘தே ஸ்டோல் தி பேங்க்’ என்று எழுதினால் கட்டடத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள் என்று ஆகிவிடும். ‘ராப்’ பதிவில் ‘ராப் சம்படி ஆஃப் சம்திங்’ என்றும், ‘ஸ்டீல்’ பதிவில் ‘ஸ்டீல் சம்திங் ஃப்ரம் சம்படி’ என்றும் கொடுத்திருக்கிறார்கள். அந்த இரண்டு வரியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக நோட்டில் எழுதச் சொல்லுங்கள், வேறு விளக்கமே தேவைப்படாது. வீடு, கட்டடத்துக்குள் புகுந்து திருடுவதற்கு ‘பர்கிள்’.

‘ரைஸ்’, ‘ரெய்ஸ்’ பற்றியும் ‘லை’, ‘லே’ பற்றியும் ‘விச் வேர்டு’ பெட்டிகள் இருக்கின்றன. ‘ரெய்ஸ்’ செயப்படுபொருள் இல்லாமல் வராது, ‘ரைஸ்’ அதை ஏற்காது என்கிறது பெட்டி. எளிமையான விளக்கம், ஆனால் ஆங்கில இலக்கணச் சொற்களைக் கண்டு மிரளும் மாணவருக்கு இது ஏறுவதில்லை. நமக்கோ இது பள்ளியில் படித்த தன்வினை, பிறவினைதான். எழு, எழுப்பு. ஓடு, ஓட்டு. திரும்பு, திருப்பு. உருள், உருட்டு. விலை உயர்ந்தது என்றால் ‘ரைஸ்’, விலையை உயர்த்தினார்கள் என்றால் ‘ரெய்ஸ்’. தமிழ் இலக்கண வாத்தியாரும் ஆங்கில வாத்தியாரும் பள்ளியில் ஒருநாள் ஒரே வகுப்பில் நின்றிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது என்று எனக்கு எப்போதும் தோன்றும். ‘லை’, ‘லே’ மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், ஏனென்றால் படுத்திருப்பதைக் குறிக்கும் ‘லை’யின் இறந்தகாலமே ‘லே’தான். ‘லை, லே, லெய்ன்’ ஒரு வரிசை, ‘லே, லெய்டு, லெய்டு’ இன்னொன்று, பொய் சொல்லும் ‘லை’ மூன்றாவது. அகராதியில் வினை வடிவங்களைத் தனியாக விரித்துப் பார்க்கும் வசதி இங்கேதான் கைகொடுக்கிறது, இணையத்தில் என்றால் உச்சரிப்பையும் பிரிட்டிஷ், அமெரிக்கன் இரண்டிலும் கேட்டுக்கொள்ளலாம்.

‘ரிமெம்பர்’, ‘ரிமைண்ட்’ கூட இதே தன்வினை, பிறவினைக் கதைதான். நாமாக ஞாபகம் வைத்திருப்பது ஒன்று, இன்னொருவருக்கு ஞாபகப்படுத்துவது இன்னொன்று. ‘ரிமெம்பர் மி டு கால் அம்மா’ என்று எழுதுகிறவர்கள் ‘ரிமைண்ட்’ என்ற சொல் தெரியாதவர்கள் இல்லை, அது ஆளை முன்னால் வைக்கும் வினை என்பது பதியாதவர்கள். இதைவிட நுட்பமானது ‘ரிமெம்பர் டு லாக்’, ‘ரிமெம்பர் லாக்கிங்’ வித்தியாசம். முதலாவது, பூட்ட மறக்காதே. இரண்டாவது, பூட்டியது நினைவில் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு இந்த இரண்டையும் ‘ரிமெம்பர்’ பதிவில் வெவ்வேறு பொருளாகவே பிரித்துப் போட்டிருப்பது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

இனி அலுவலக மெயில்காரர்களுக்கு. ‘சஜஸ்ட் மி எ குட் ஹோட்டல்’ நம் நாடு முழுக்கப் புழங்குகிறது, பேச்சில் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் இந்த அகராதி ‘ஹெல்ப்’ என்ற குறிப்பு போட்டு, ‘சஜஸ்ட்’டுக்குப் பின்னால் ஆள் நேரடியாக வராது என்று தெளிவாகச் சொல்கிறது. ‘டிஸ்கஸ் அபவுட்’ வேண்டாம் என்பதற்கும் இப்படிக் குறிப்பு உண்டு. ‘அட்வைஸ்’ ஆளை ஏற்கும், ‘சஜஸ்ட்’ ஏற்காது. தமிழில் இரண்டையும் ‘யோசனை சொன்னான்’ என்று முடித்துவிடலாம். அப்புறம் ‘எக்ஸ்பெக்ட்’. ‘உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்’ என்று பணிவாகத் தமிழில் நினைத்து ‘ஐ ஆம் எக்ஸ்பெக்டிங் யுவர் ரிப்ளை’ என்று எழுதுவார்கள், படிக்கும் வெளிநாட்டுக்காரருக்கு அது ‘பதில் வந்தாகணும்’ என்று அதட்டுவது போலப் படலாம். நம் ‘எதிர்பார்’ ஆங்கிலத்தில் நான்கு திசையில் பிரிகிறது: நடக்கும் என்று நம்பினால் ‘எக்ஸ்பெக்ட்’, நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் ‘ஹோப்’, வரும்வரை காத்துக்கொண்டு நின்றால் ‘வெயிட்’, ஆவலோடு இருந்தால் ‘லுக் ஃபார்வர்டு டு’. அகராதியில் ஒவ்வொன்றும் தனித்தனி இடத்தில் நன்றாகவே விளக்கப்பட்டிருக்கிறது, ஆனால் நான்கையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவது ஆசிரியர் வேலையாகத்தான் இருக்கிறது. வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் வெவ்வேறு இடத்தில் தடுமாறுவார்கள், எல்லோருக்கும் சேர்த்து ஒரு புத்தகம் போட்டால் நம் தடுமாற்றம் சில விட்டுப்போகத்தான் செய்யும்.

‘வேர்’, ‘புட் ஆன்’ அப்படி விட்டுப்போகக்கூடிய ஒன்று. ‘சட்டை போட்டான்’, ‘சட்டை போட்டிருக்கிறான்’ என்பதில் ‘போட்டான்’ என்றால் ‘புட் ஆன்’, ‘போட்டிருக்கிறான்’ என்றால் ‘வேர்’. தமிழில் ‘இரு’ சேர்ந்தால் நிலை. மாணவர் கையில் சாவி ஏற்கெனவே இருக்கிறது, யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. நெருங்கிய வினைகளைப் பிரித்துப் பார்ப்பது நமக்குப் புதிய வேலையே இல்லை. ‘தா’, ‘வா’ இரண்டும் தன்மை, முன்னிலைக்கு உரியவை, ‘செல்’, ‘கொடு’ இரண்டும் படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்திலேயே பிரித்திருக்கிறார்கள். எனக்குத் தா, உனக்குத் தருவேன், அவனுக்குக் கொடு. ஈ, தா, கொடு மூன்றில் தாழ்ந்தவர் கேட்பது எது, ஒத்தவர் கேட்பது எது, உயர்ந்தவர் கேட்பது எது என்று வேறொரு இடத்தில் வருகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு ‘ப்ரிங்’, ‘டேக்’ பாருங்கள். பேசுபவர், கேட்பவர் இருக்கும் பக்கம் என்றால் ‘ப்ரிங்’, வேறு இடத்துக்கு என்றால் ‘டேக்’. கிட்டத்தட்ட அதே பிரிவுதான். போனில் ‘நாளைக்கு உங்க வீட்டுக்கு வர்றேன்’ என்று நாம் சொல்வதும் ‘ஐ வில் கம் டு யுவர் பிளேஸ்’ என்று அவர்கள் சொல்வதும் ஒரே தர்க்கம். ‘ஃபெட்ச்’ வந்தால் மட்டும் ‘போய் எடுத்துக்கொண்டு வா’ என்று நீட்டிச் சொல்லிக்கொள்ளுங்கள், போய்வருதல் அந்த ஒரு வினைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை, பெட்டிகள் எல்லா வினைகளுக்கும் இல்லை. அடிக்கடி வரும் வினைகளுக்குச் செழிப்பாக இருக்கிறது, அதைத் தாண்டினால் நீங்களே இரண்டு பதிவுகளையும் திறந்து ஒப்பிட வேண்டும். இரண்டாவது, ஒரு குழுவுக்கான பெட்டி அந்தக் குழுவில் ஏதோ ஒரு சொல்லின் கீழ்தான் இருக்கும். ‘ஸ்டேர்’ பதிவில் ‘கெய்ஸ்’, ‘பியர்’, ‘க்ளேர்’ எல்லாம் சேர்த்து அழகாக விளக்கியிருக்கிறார்கள், உற்றுப் பார்ப்பது, லயித்துப் பார்ப்பது, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, முறைப்பது என்று. ஆனால் அது ‘ஸ்டேர்’ கீழே இருக்கிறது என்று தெரியாதவர் எங்கே தேடுவார்? அச்சுப் புத்தகத்தில் பக்கம் புரட்டும்போது தற்செயலாகக் கண்ணில் படும், இணையத்தில் தேடிய சொல்லோடு வேலை முடிந்துவிடுகிறது. மூன்றாவது, புத்தகம் கனம். பையில் போட்டு வகுப்புக்குத் தினமும் தூக்கிவர முடியாது, வீட்டு மேசையில் இருக்க வேண்டிய பொருள். எழுத்தும் பொடி, ஐம்பதைத் தாண்டியவர்கள் கண்ணாடியோடு உட்கார வேண்டும். இலவசத் தளத்தில் விளம்பரங்கள் நடுநடுவே வந்து கவனத்தைக் கெடுக்கின்றன.

இன்னொன்று, ஆங்கிலம் சுத்தமாக வராதவருக்கு இது உதவாது. விளக்கங்களை ‘ஆக்ஸ்ஃபோர்டு 3000’ என்ற அடிப்படைச் சொற்பட்டியலுக்குள் எழுத முயன்றிருக்கிறார்கள், என்றாலும் அந்தச் சொற்களாவது தெரிந்திருக்க வேண்டும். பிளஸ் டூ அளவில் ஒரு பத்தியைத் தமிழ்த் துணையின்றிப் படிக்க முடிகிறவருக்குத்தான் இதைப் பரிந்துரைப்பேன்.

மற்றவை எப்படி? லாங்மேன் டிக்‌ஷனரி ஆஃப் கன்டெம்பரரி இங்கிலிஷ் 1978இல் முதலில் வந்தபோதே விளக்கம் எழுத ஏறக்குறைய 2000 சொற்களுக்கு மேல் பயன்படுத்துவதில்லை என்று ஒரு கட்டுப்பாட்டோடு வந்தது. அந்த எளிமை இன்றும் இருக்கிறது. அதன் இலவசத் தளத்தில் ‘தெசாரஸ்’ பெட்டிகள் அருமை. ஒரு பொருளைச் சுற்றி வினைகள் கூட்டமாக இருக்கும்போது, நடப்பதில் எத்தனை வகை, சிரிப்பதில் எத்தனை வகை என்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கமும் ஓர் எடுத்துக்காட்டுமாக வரிசையாகக் கிடைக்கும். இரண்டு சொற்களுக்கு நடுவே குழப்பம் என்றால் ஆக்ஸ்ஃபோர்டு, ஐந்தாறு சொற்களில் எதை எடுப்பது என்றால் லாங்மேன். என் பழக்கம் இது. எந்தச் சொல் பேச்சில் அதிகம், எது எழுத்தில் அதிகம் என்றும் லாங்மேன் குறிக்கிறது, மெயில் எழுதுகிறவர்களுக்கு அது தங்கமான தகவல்.

கோபில்ட் அகராதி வேறு வழியில் போனது. ஜான் சின்க்ளேர் தலைமையில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில், கணினியில் சேர்த்த உண்மையான ஆங்கில வாக்கியங்களை ஆராய்ந்து 1987இல் கொண்டுவந்தார்கள். அதில் விளக்கமே முழு வாக்கியமாக இருக்கும்: நீங்கள் ஒருவருக்கு ஒன்றைச் செய்தால் இப்படிச் சொல்வார்கள் என்ற பாணியில். யார் யாருக்கு எதைச் செய்கிறார் என்பது விளக்கத்திலேயே வந்துவிடுவதால் அமைப்பைத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை. இலக்கணக் குறிப்பு என்றாலே ஓடுகிற மாணவருக்கு நான் இதைத்தான் கொடுப்பேன். அதை வெளியிடும் காலின்ஸின் தளத்தில் கோபில்ட் விளக்கங்களை இலவசமாகப் பார்க்கலாம். கேம்பிரிட்ஜ் தளத்தில் ஆங்கிலம்-தமிழும் சேர்ந்திருப்பது ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு வசதி, விளக்கங்கள் சுருக்கமாக இருக்கும். ஆனால் இரண்டு வினைகளைப் பிரிக்கும் வேலைக்குத் தமிழ் பெயர்ப்பை மட்டும் நம்பாமல் கீழே உள்ள ஆங்கில வாக்கியத்தையும் படித்துவிடுங்கள்.

எல்லாம் இலவசமாக இணையத்தில் இருக்கும்போது புத்தகம் எதற்கு என்று கேட்பார்கள். மேக்மில்லன் அகராதியை நினைவுபடுத்துவேன். அச்சை நிறுத்திவிட்டு இணையம் மட்டும் என்று போனார்கள், நல்ல தளம், அதில் நிறைய பேர் பழகியிருந்தார்கள், 2023இல் அதை மூடிவிட்டார்கள். கையில் புத்தகம் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அத்தோடு, பக்கத்தில் பென்சிலால் தமிழ்க் குறிப்பு எழுதி வைக்கும் பழக்கம் நம் வேலைக்கு மிக முக்கியம். ‘ரைஸ்’ பக்கத்தில் ‘உயர்’, ‘ரெய்ஸ்’ பக்கத்தில் ‘உயர்த்து’. இந்தக் குறிப்புகள்தான் அகராதியை உங்களுடையதாக ஆக்கும், தளத்தில் அதற்கு இடமில்லை.

பயன்படுத்தும் முறை பற்றியும் கொஞ்சம். விளக்கத்தை முதலில் படிக்காதீர்கள். தடித்த எழுத்தில் இருக்கும் அமைப்பைப் பாருங்கள், பிறகு எடுத்துக்காட்டு வாக்கியங்கள், கடைசியில் விளக்கம். இணையத்தில் ‘எக்ஸ்ட்ரா எக்ஸாம்பிள்ஸ்’ என்று மூடியிருக்கும் பகுதியைத் திறந்து பாருங்கள், அங்கே கிடைக்கும் வாக்கியங்கள் சில சமயம் மேலே உள்ளவற்றைவிடப் பயனுள்ளவை. பிறகு உங்கள் வீட்டு, அலுவலக விஷயத்தை வைத்து ஒரு வாக்கியம் எழுதுங்கள், அகராதி வாக்கியத்தைக் காப்பி அடிக்காமல். இப்படி ஒரு ஜோடிக்குக் கால் மணி நேரம் கொடுத்தால் போதும், அது மறுபடி குழப்பாது. ஒரே நாளில் இருபது ஜோடி என்று உட்காருகிறவர்களுக்கு எதுவும் நிற்பதில்லை, இதை வகுப்பில் கண்கூடாகப் பார்க்கிறேன்.

வாங்குவதைப் பற்றி. புதிதாக வாங்க முடிந்தால் பத்தாம் பதிப்பு, அதோடு வரும் குறியீட்டை வைத்து இணையத்திலும் ஆப்பிலும் கூடுதல் வசதிகளைத் திறக்கலாம். முடியாவிட்டால் 2010இல் வந்த எட்டாம் பதிப்போ 2015இல் வந்த ஒன்பதாம் பதிப்போ பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள், வினைகளைப் பிரிக்கும் பெட்டிகள் அவற்றிலும் இருக்கின்றன. அந்தக் குறியீடு மட்டும் முந்தைய சொந்தக்காரர் சுரண்டிப் பயன்படுத்தியிருப்பார், அதை எதிர்பார்த்துக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். மூர் மார்க்கெட் மாதிரி இடங்களில் 1993இல் வந்த லாங்மேன் லாங்குவேஜ் ஆக்டிவேட்டர் கண்ணில் பட்டால் அதையும் விடாதீர்கள். பொருளிலிருந்து சொல்லுக்குப் போகும் விதமாகவே அடுக்கப்பட்ட புத்தகம் அது, ‘பார்’ மாதிரியான சிக்கலுக்கு அதன் பக்கங்கள் நேராகப் பதில் சொல்லும். தெருவோரம் விற்கும் மங்கிய நகல் பதிப்புகளை மட்டும் தொடாதீர்கள். தடித்த எழுத்தும் சாதா எழுத்தும் ஒன்றாகத் தெரியும் அச்சில் இந்த அகராதியின் பாதிப் பயன் போய்விடும், வாக்கிய அமைப்பு முழுக்க அந்தத் தடித்த எழுத்தில்தான் இருக்கிறது.